நடுவில் நிற்பவர் யாருடைய ஓட்டை எடுக்கிறார்? அமெரிக்க அதிபர் தேர்தலின் மாநிலக் கணக்கு

1980 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகனுக்குப் போனது. எட்டு ஆண்டுகளுக்கு முன் நிக்சன் 49 மாநிலங்களை அள்ளிய தேர்தலில் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஒரே மாநிலம் அதுதான். அப்படிப்பட்ட இடத்தில் ரீகன் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டரை 3,829 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே வாக்குச்சீட்டில் மூன்றாவதாக இருந்த ஜான் ஆண்டர்சன் வாங்கியது 3,82,539 ஓட்டு. ஆண்டர்சன் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி எம்.பி. உட்கட்சிப் போட்டியில் ரீகனிடம் பின்தங்கியதும் ஏப்ரலில் சுயேச்சையாக இறங்கிய மிதவாதி. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் கார்ட்டர் பக்கம் சாய்வு இருந்திருந்தாலே, அவர் போட்டியிடாத தேர்தலில் மாசசூசெட்ஸின் 14 தேர்வாளர் வாக்குகளும் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்குகள்) கார்ட்டருக்குப் போயிருக்கும்.

ஆனால் அதனால் அதிபர் மாறியிருக்க மாட்டார். ரீகன் 489, கார்ட்டர் 49 என்றிருந்த முடிவில் 14 என்பது ஒன்றுமில்லை. ஒரு மிதவாதி ஒரு மாநிலத்தின் முடிவை மாற்றுவது வேறு, அதிபர் யார் என்பதை மாற்றுவது வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மாநிலம் மாநிலமாகக் கணக்குப் போட்டால்தான் அளக்க முடியும்.

நாடு தழுவிய கருத்துக்கணிப்பை வைத்து இதற்குப் பதில் தேடுவது வீண். அமெரிக்க அதிபர் தேர்தல் என்பது 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும் தனித்தனியாக நடத்தும் 51 தேர்தல்கள். மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், 270 கிடைத்தால் வெற்றி. 48 மாநிலங்களிலும் டி.சி.யிலும் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அங்குள்ள எல்லாத் தேர்வாளர்களும் சேருவார்கள். மெய்ன் 1972 முதலும் நெப்ராஸ்கா 1992 முதலும் இரண்டு தேர்வாளர்களை மாநில முடிவின்படியும், மீதியைக் காங்கிரஸ் தொகுதிக்கு ஒருவர் வீதமும் பிரித்துக் கொடுக்கின்றன. எங்கும் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, முதலிடம் போதும். 1992இல் பில் கிளிண்டன் 370 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தபோது, அவர் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிய மாநிலம் அவருடைய சொந்த மாநிலமான ஆர்கன்சா ஒன்றுதான். அதோடு டி.சி.

மிதவாத வேட்பாளர் முடிவை மாற்றுவாரா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு வகை மிதவாதிகளைப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். ஒருவர், பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளராகவே வரும் மிதவாதி. இன்னொருவர், இரண்டு கட்சிக்கும் வெளியே நின்று மூன்றாவதாக இறங்குபவர். கணக்கு இருவருக்கும் ஒன்றல்ல. எதிர்க்கட்சிக்குப் போட இருந்த ஒருவர் உங்களுக்குப் போட்டால், அங்கே ஒன்று குறைந்து இங்கே ஒன்று கூடுகிறது, அதாவது வித்தியாசம் இரண்டு ஓட்டு மாறுகிறது. அதே வாக்காளர் மூன்றாமவருக்குப் போட்டாலோ வீட்டிலேயே இருந்துவிட்டாலோ வித்தியாசம் ஒரு ஓட்டுதான் மாறும். மிதவாதி கட்சியின் வேட்பாளராக இருக்கும்போது அவர் இழுக்கும் ஒவ்வொரு ஓட்டுக்கும் இரட்டை மதிப்பு. மூன்றாவதாக நிற்கும்போது பாதி மதிப்பு, அதிலும் யாருக்கு லாபம் என்பது அவர் கையில் இல்லை.

முதல் வகையைப் பார்ப்போம். 2024இல் டொனால்ட் டிரம்ப் 312, கமலா ஹாரிஸ் 226. விஸ்கான்சினில் வித்தியாசம் 29,397 (0.9 சதவீதம்), மிச்சிகனில் 80,103 (1.4), பென்சில்வேனியாவில் 1,20,266 (1.7). இந்த மூன்று மாநிலங்களிலும் நூறு வாக்காளர்களில் ஒரே ஒருவர் டிரம்ப்பை விட்டு ஹாரிஸுக்கு மாறியிருந்தால் வித்தியாசம் 2 சதவீதப் புள்ளி நகர்ந்திருக்கும், மூன்றும் கை மாறியிருக்கும். 10, 15, 19 என்று மொத்தம் 44 தேர்வாளர் வாக்குகள். 226உடன் 44ஐக் கூட்டினால் சரியாக 270. ஜார்ஜியாவில் வித்தியாசம் 2.2, அது டிரம்ப்பிடமே இருந்திருக்கும். தேவைப்பட்டது மூன்று மாநிலங்களிலும் சேர்த்து சுமார் 1,15,000 பேரின் மனமாற்றம்.

2020ஐத் திருப்பிப் போட்டாலும் இதே கதைதான். ஜோ பைடன் ஜார்ஜியாவில் 11,779, அரிசோனாவில் 10,457, விஸ்கான்சினில் 20,682 ஓட்டு முன்னிலை. சுமார் 21,500 பேர் சரியான விகிதத்தில் டிரம்ப்புக்கு மாறியிருந்தால் 269க்கு 269 என்ற சமநிலை. நாடு முழுவதும் பைடன் 70 லட்சம் ஓட்டு முன்னிலை பெற்ற தேர்தல் அது. நூற்றுக்கு ஒருவர் மாறியிருந்தால் இந்த மூன்றோடு பென்சில்வேனியாவும் சாய்ந்து டிரம்ப்புக்கு 289 கிடைத்திருக்கும்.

சரி, மிதவாத வேட்பாளரால் நூற்றுக்கு ஒருவரை நகர்த்த முடியுமா? அதிபர் தேர்தலில் ஒரே நாளில் இரண்டு விதமான வேட்பாளரை நிறுத்திப் பார்க்க வழியில்லை. ஒரே கட்சி, ஒரே நாள், ஒரே மாநிலம், இரண்டு பதவிகள் என்று அமைந்த இடங்களில்தான் சான்று தேட வேண்டும். 2022 ஜார்ஜியா அப்படி ஓர் இடம். ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் 21 லட்சத்துக்கு மேல் வாங்கி ஏழரை சதவீதப் புள்ளியில் ஜெயித்தார். அதே வாக்குச்சீட்டில் அதே கட்சியின் செனட் வேட்பாளர் ஹெர்ஷெல் வாக்கருக்குக் கெம்ப்பைவிட 2 லட்சம் ஓட்டு குறைவு. அவர் மறுசுற்றில் தோற்றார். கெம்ப் கொள்கையில் மிதவாதி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருக்கலைப்பிலும் துப்பாக்கிச் சட்டத்திலும் அவர் கட்சியின் வலது பக்கம்தான். 2020 முடிவை மாற்றச் சொன்ன டிரம்ப்பின் அழுத்தத்துக்கு அவர் மறுத்திருந்தார், அதுவே புறநகர் வாக்காளர் கண்ணில் அவரை நிதானமானவராகக் காட்டியது. மிதவாதம் என்று வாக்காளர் எடைபோடுவதில் கொள்கைக்கு ஒரு பங்கு, நடத்தைக்கு ஒரு பங்கு. கருத்துக்கணிப்புக் கேள்விகளில் இந்த இரண்டாவது பங்கு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

வட கரோலினாவில் 2024இல் டிரம்ப் 3.2 சதவீதப் புள்ளியில் ஜெயித்தார். அதே நாளில் அவர் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் மார்க் ராபின்சன் சுமார் 15 புள்ளியில் ஜோஷ் ஸ்டெய்னிடம் தோற்றார். கடுமையான பேச்சும் அடுத்தடுத்த சர்ச்சைகளும் ஒருவரை எவ்வளவு தள்ளிவிடும் என்பதற்கு இது அளவுகோல்.

மேரிலாந்து இதைவிடப் பாடம் சொல்லும் இடம். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அங்கே 2014இலும் 2018இலும் ஆளுநராக ஜெயித்தவர் குடியரசுக் கட்சியின் லாரி ஹோகன். டிரம்ப்பை வெளிப்படையாக எதிர்த்தவர். 2024இல் செனட்டுக்கு நின்றார். அதே நாளில் ஹாரிஸ் அந்த மாநிலத்தில் சுமார் 28 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க, ஹோகன் தோற்றது சுமார் 12 புள்ளியில்தான். தன் கட்சியின் அதிபர் வேட்பாளரைவிட 16 புள்ளி நன்றாகச் செய்தும் தோல்வி. ஆளுநர் பதவிக்கு அவரை விரும்பிய வாக்காளர், வாஷிங்டனில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்ற கேள்வி வந்ததும் கட்சியைப் பார்த்தே ஓட்டுப் போட்டார்கள். வெர்மான்ட்டின் ஆளுநர் ஃபில் ஸ்காட், குடியரசுக் கட்சிக்காரர், அதே நாளில் 73 சதவீதம் வாங்கினார். அவர் செனட்டுக்கு நின்றிருந்தால் ஹோகனின் கதிதான் வந்திருக்கும் என்று நினைக்க எல்லாக் காரணமும் உண்டு.

அதிபர் பதவி இந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது. எல்லாத் தேர்தலிலும் கட்சிப் பிடிப்பு மிக இறுக்கமாக இருப்பது அங்கேதான். ஆகவே ஹோகனின் 16 புள்ளியையோ வட கரோலினாவின் 18 புள்ளி இடைவெளியையோ எடுத்து அதிபர் தேர்தலில் ஒட்டிவைப்பது தவறு. மிதவாதத்தால் அதிபர் வேட்பாளருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு புள்ளிதான் என்று வைத்துக்கொள்வது நியாயம். எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஊசலாட்ட மாநிலங்களில் அந்த ஒன்றிரண்டே போதும் என்பதை மேலே உள்ள எண்கள் காட்டுகின்றன.

அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதில் இன்னொரு செய்தி உண்டு. அரசியல் அறிவியலாளர் ஆண்ட்ரூ ஹால் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பிரதிநிதிகள் சபைக்கான உட்கட்சித் தேர்தல்களில் தீவிர நிலைப்பாடு கொண்டவர் மயிரிழையில் மிதவாதியை வென்ற தொகுதிகளை எடுத்துக்கொண்டது. அப்படி வென்ற கட்சி பொதுத் தேர்தலில் 9 முதல் 13 சதவீதப் புள்ளி வரை ஓட்டுப் பங்கை இழந்தது. டேனியல் தாம்ப்சனோடு சேர்ந்து 2018இல் அவர் வெளியிட்ட தொடர் ஆய்வு, தீவிர வேட்பாளரைக் கண்டு எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் கூடுதலாக வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள் என்று காட்டியது. மிதவாத வேட்பாளர் எதிர்முகாமின் மனத்தை மாற்றுவதோடு, அந்த முகாமைக் கிளப்பிவிடாமலும் இருக்கிறார். விஸ்கான்சின் போன்ற, வாக்குப்பதிவு ஏற்கெனவே மிக அதிகமாக உள்ள மாநிலத்தில் இந்த இரண்டாவது லாபம் சிறியது. பதிவு குறைவான மாநிலங்களில் அது பெரிதாகலாம்.

இதற்கு ஒரு செலவும் உண்டு. நடுவுக்கு நகரும் வேட்பாளர் தன் ஓரத்து ஆதரவாளரை இழக்கலாம். அவர்கள் எதிரிக்குப் போட மாட்டார்கள், மூன்றாமவருக்குப் போடுவார்கள் அல்லது வர மாட்டார்கள். ஒருவரை ஓரத்தில் இழந்து ஒருவரை நடுவில் பிடித்தால் நிகரமாக ஒரு ஓட்டு லாபம்தான். ஓரத்தில் மூன்று பேர் போய் நடுவில் ஒருவர் வந்தால் நஷ்டம். 2024இல் அரபு வம்சாவளியினர் அதிகம் வாழும், மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் காசா போர் காரணமாக ஜனநாயகக் கட்சிக்கு இதுதான் நடந்தது. நான்கு ஆண்டுக்கு முன் பைடன் எளிதாக ஜெயித்த அந்த நகரில் டிரம்ப் முதலிடம் பிடித்தார், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டெய்ன் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினார். ஆனால் மாநிலம் முழுவதும் ஸ்டெய்ன் பெற்றது சுமார் 44,600தான். அத்தனையும் ஹாரிஸுக்கு வந்திருந்தாலும் 80,103ஐ எட்டியிருக்காது. ஒரு நகரின் வலியை மாநிலத்தின் கணக்காகக் காட்டுவது எளிது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

மிதவாத வாக்காளர் எங்கே இருக்கிறார் என்பது ஓரளவு தெரிந்த விஷயம்: ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றியுள்ள பக்ஸ், மான்ட்கோமரி, செஸ்டர், டெலவேர் கவுண்டிகள் (மாவட்டம் போன்றவை), டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஓக்லாண்ட், மில்வாக்கிக்கு மேற்கே வாகேஷா, அட்லாண்டாவின் காப், குவினெட், அரிசோனாவின் மாரிகோபா. காப், குவினெட் இரண்டும் 2012இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னியைத் தேர்ந்தெடுத்து 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கு மாறியவை. மாரிகோபா 1948இல் ட்ரூமனுக்குப் பிறகு முதல் முறையாக 2020இல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது, 2024இல் திரும்பிப் போனது. குடியரசுக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில் டிரம்ப்பை எதிர்த்த நிக்கி ஹேலி போட்டியிலிருந்து விலகி ஏழு வாரம் ஆன பின்பும், 2024 ஏப்ரல் 23 அன்று பென்சில்வேனியாவின் உட்கட்சித் தேர்தலில் அவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. கட்சியில் பதிவு செய்தவர் மட்டும் போடக்கூடிய தேர்தல் அது. நவம்பரில் டிரம்ப் அங்கே ஜெயித்த வித்தியாசத்தைவிட அந்த எண் அதிகம். அக்டோபரில் ஹாரிஸ் குடியரசுக் கட்சியின் முன்னாள் எம்.பி. லிஸ் செய்னியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களின் புறநகரிலும் ஒரே நாளில் கூட்டம் போட்டது இவர்களை நம்பித்தான். நடக்கவில்லை. வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகளில் டிரம்ப்புக்குப் போட்ட குடியரசுக் கட்சியினரின் விகிதம் 2020இல் இருந்த அளவிலேயே நின்றது. வேட்பாளரின் நிலைப்பாடு மாறாமல் பக்கத்தில் ஒரு மிதவாதியை உட்காரவைத்தால் மட்டும் ஓட்டு நகர்ந்துவிடாது என்பதுதான் அதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு.

இனி இரண்டாவது வகை, மூன்றாவதாக இறங்கும் மிதவாதி. இங்கே பயன்படும் கணக்கு மிகச் சிறியது. அவருக்குப் போடுபவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: அவர் இல்லாவிட்டால் ஜனநாயகக் கட்சிக்குப் போட்டிருப்பவர்கள், குடியரசுக் கட்சிக்குப் போட்டிருப்பவர்கள், ஓட்டே போடாமல் இருந்திருப்பவர்கள். முதல் இரண்டு விகிதங்களின் வித்தியாசத்தைச் சாய்வு என்று வைத்துக்கொள்வோம். மாநிலத்தில் முதல் இருவருக்கும் உள்ள இடைவெளியை மிதவாதியின் ஓட்டுப் பங்கால் வகுத்தால், முடிவை மாற்றத் தேவையான சாய்வு கிடைக்கும்.

2020 விஸ்கான்சினை எடுத்துக்கொள்வோம். பதிவானது சுமார் 33 லட்சம், பைடனின் முன்னிலை 0.63 சதவீதம். மிதவாதி ஒருவர் 5 சதவீதம், அதாவது 1,65,000 ஓட்டு வாங்குகிறார் என்று கொண்டால் தேவையான சாய்வு 12.5. அவருடைய ஓட்டில் பாதி பைடனிடமிருந்தும், 37 சதவீதம் டிரம்ப்பிடமிருந்தும், 13 சதவீதம் புதிய வாக்காளரிடமிருந்தும் வந்தால் பைடன் 82,500 இழப்பார், டிரம்ப் 61,000 இழப்பார். வித்தியாசம் 21,500, மாநிலம் கை மாறிவிடும். அவர் வாங்கியது 2 சதவீதம்தான் என்றால் தேவையான சாய்வு 31 ஆகிவிடும், அது கடினம். 10 சதவீதம் வாங்கினால் 6 சொச்சம் போதும். மிதவாதி வளர வளர, மிகச் சிறிய சாய்வும் மாநிலத்தைக் கவிழ்க்கப் போதுமானதாகிறது.

இதே சூத்திரத்தைப் பின்னோக்கியும் ஓட்டலாம். 1980இல் ஆண்டர்சன் வாக்காளரிடம் இரண்டாவது விருப்பம் கேட்டபோது ஏறத்தாழ பாதிப்பேர் கார்ட்டரையும் 37 சதவீதத்தினர் ரீகனையும் சொன்னார்கள். சாய்வு சுமார் 12. மாசசூசெட்ஸில் தேவைப்பட்டது 1, ஆகவே அது மாறியிருக்கும். நியூயார்க்கில் ரீகனின் முன்னிலை 1,65,459, ஆண்டர்சன் பெற்றது சுமார் 4,68,000, தேவையான சாய்வு 35. நியூயார்க்கின் 41 தேர்வாளர்களை ஆண்டர்சன்தான் ரீகனுக்குக் கொடுத்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த மாநிலத்தில் அவருடைய வாக்காளர்கள் நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்கு சாய்ந்திருந்தால்தான் அது உண்மையாகும். நம்புவது கஷ்டம்.

மூன்றாவதாக நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ 1992இல் 18.9 சதவீதம், 1.97 கோடி ஓட்டு வாங்கினார். அத்தனை பெரிய பங்கு இருந்தும் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பில் அவருடைய வாக்காளர்களின் இரண்டாவது விருப்பம் கிளிண்டனுக்கும் புஷ்ஷுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்தது. சாய்வு பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்போது பங்கு எவ்வளவு பெரிதானாலும் பொதுவாக முடிவு நகராது. கிளிண்டன் 13,714 ஓட்டில் ஜெயித்த ஜார்ஜியா போன்ற ஓரிரு மாநிலங்கள் மாறியிருக்கலாம், 370 என்ற மொத்தம் 270க்குக் கீழே வந்திருக்காது. பெரோ புஷ்ஷைத் தோற்கடித்தார் என்ற பேச்சு முப்பது ஆண்டுகளைக் கடந்தும் ஓயவில்லை என்பது வருத்தமானது, ஏனென்றால் அன்றைக்கே அதற்கு எதிரான தரவு கையில் இருந்தது.

ஆண்டர்சன் கதையில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. அவர் குடியரசுக் கட்சிக்காரர், ஆனால் அதிகம் எடுத்தது கார்ட்டரிடமிருந்து. மிதவாதி எந்தக் கட்சியிலிருந்து வந்தார் என்பதைவிட, எந்தக் கட்சி மிதவாத வாக்காளரை அதிகம் நம்பியிருக்கிறது என்பதே சாய்வைத் தீர்மானிக்கிறது. இன்றைய அமெரிக்காவில் தங்களைப் பழமைவாதி என்று சொல்லிக்கொள்பவர்கள் தாராளவாதிகளைவிட அதிகம். ஜனநாயகக் கட்சி ஜெயிக்க வேண்டுமானால் நடுவில் உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேராவது வேண்டும். 2020 வாக்குச்சாவடிக் கணிப்பில் மிதவாதிகளில் 64 சதவீதம் பைடனுக்கு, 34 சதவீதம் டிரம்ப்புக்கு. இரு பக்கமும் ஒரே மாதிரி கவரும் ஒரு நடுநிலையாளர் இவர்களிடமிருந்து சமமான விகிதத்தில் எடுத்தால் சாய்வு 30. விஸ்கான்சினில் 5 சதவீதத்தோடு 30ஐப் பெருக்கினால் ஒன்றரைப் புள்ளி, பைடனின் முன்னிலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நோ லேபல்ஸ் அமைப்பு 2024க்கு ஓர் ஒற்றுமை வேட்பாளரைத் தேடியபோது ஜனநாயகக் கட்சியினர் அத்தனை பதற்றப்பட்டது இதனால்தான். ஹேலி, ஹோகன், ஜோ மான்ச்சின் என்று பல பெயர்கள் அடிபட்டன. ஒருவரும் நிற்கவில்லை, ஏப்ரல் 4 அன்று அந்த அமைப்பு முயற்சியைக் கைவிட்டது.

எதிர்ப்பக்கம் எடுக்கும் மிதவாதியும் உண்டு. 2016இல் யூட்டாவில் ஈவன் மெக்மல்லின் 21.5 சதவீதம் வாங்கினார். மார்மன் சமூகத்தைச் சேர்ந்த பழமைவாதி, டிரம்ப்பின் நடத்தையைக் காரணம் காட்டி நின்றவர். 2012இல் ராம்னிக்கு 73 சதவீதம் கொடுத்த மாநிலத்தில் டிரம்ப்புக்கு 45.5தான் கிடைத்தது. ஆனால் ஹிலாரிக்கு 27.5. இருபத்தேழு புள்ளி சரிந்தும் ஆறு தேர்வாளர்களும் டிரம்ப்புக்கே போனார்கள். சாய்வு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், இடைவெளி பெரிதாக உள்ள மாநிலத்தில் அது வீணாகிறது.

இந்தக் கணக்கு எங்கே பிசகும்? பெரும்பாலும் உள்ளே போடும் எண்ணில். மூன்றாமவரின் கோடைக்காலக் கருத்துக்கணிப்பு எண்ணை அப்படியே எடுத்தால் தப்பு வரும். 1980 கோடையில் ஆண்டர்சன் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தார், முடிவில் 6.6. பெரோ 1992 ஜூனில் இருவரையும் முந்தியிருந்தார், முடிவில் 18.9. லிபர்டேரியன் கட்சியின் காரி ஜான்சன் 2016 கோடையில் 9 சதவீதத்தை ஒட்டி இருந்து 3.3இல் முடித்தார். தேர்தல் நெருங்க நெருங்க, ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்த வாக்காளர் குறைந்த தீமையைத் தேடித் திரும்புகிறார்கள். பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைத்துக்கொள்வது பாதுகாப்பு. திரும்புகிறவர்கள் இரு பக்கமும் சமமாகத் திரும்புவதில்லை என்பதால், கோடையில் இருந்த சாய்வும் நவம்பரில் இருக்காது. இன்னொரு பிசகு, ஓட்டே போடாமல் இருந்திருப்பவர்களை மறப்பது. மூன்றாமவரின் ஓட்டு முழுவதையும் ஒரு கட்சியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 2016 மிச்சிகனில் வித்தியாசம் 10,704, ஜில் ஸ்டெய்னுக்கு 51,463 என்பதை மட்டும் காட்டுகிறவர்கள், அதே சீட்டில் ஜான்சனுக்கு 1,72,136 விழுந்ததைச் சொல்வதில்லை. இருவரையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்வு என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

மாநிலத்தைக் கவிழ்ப்பதற்குப் பதில் மாநிலத்தையே ஜெயிக்கலாமே என்றால், அதற்கு ஓட்டு ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும். 1860இல் ஜான் பெல் அதைச் செய்தார். அரசியலமைப்பு ஒன்றியக் கட்சி என்ற பெயரில், அடிமை முறை பற்றி வாயே திறக்காமல் நாட்டு ஒற்றுமையை மட்டும் பேசிய மிதவாதி. 12.6 சதவீத ஓட்டில் கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியா மூன்றையும் பிடித்து 39 தேர்வாளர் வாக்குகள் வாங்கினார். வர்ஜீனியாவில் வித்தியாசம் சில நூறு ஓட்டுதான். அதே தேர்தலில் ஸ்டீபன் டக்ளஸ் 29.5 சதவீதம் வாங்கியும் அவருக்குக் கிடைத்தது 12. பெரோவின் 1.97 கோடி பூஜ்ஜியத்தில் முடிந்ததற்கும் பரவிக் கிடந்ததே காரணம். அவர் இரண்டாமிடம் பிடித்த மெய்னிலேயே அவருக்கு 30 சதவீதம்தான். பெல்லால் லிங்கனைத் தடுக்கவும் முடியவில்லை. எதிரிகள் மூவரின் ஓட்டையும் எல்லா மாநிலங்களிலும் கூட்டினாலும் லிங்கன் கலிஃபோர்னியா, ஓரிகன், நியூ ஜெர்சியின் நான்கு என 11 வாக்குகளைத்தான் இழந்திருப்பார். 180 என்பது 169 ஆகியிருக்கும், அன்று தேவை 152.

சில மாநிலங்களைப் பிடித்து யாருக்கும் 270 கிடைக்காமல் செய்தால் பேரம் பேசலாம் என்று கனவு காண்பவர்கள் அரசியலமைப்பின் 12ஆவது திருத்தத்தைப் படிக்க வேண்டும். அப்போது பிரதிநிதிகள் சபை முதல் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு வீதம். கலிஃபோர்னியாவின் 52 உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒன்று, வயோமிங்கின் ஒரே உறுப்பினருக்கும் ஒன்று, டி.சி.க்கு எதுவும் இல்லை. 26 மாநிலங்கள் வேண்டும். 2021இல் சபையில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தபோதும், பாதிக்கு மேற்பட்ட மாநிலக் குழுக்கள் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. மூன்றாமவருக்குச் சபையில் ஒரு குழுகூட இருக்காது. கடைசியாக இது நடந்தது 1825 பிப்ரவரி 9. 99 தேர்வாளர் வாக்கு வாங்கிய ஆண்ட்ரூ ஜாக்சனைத் தாண்டி 84 வாங்கிய ஜான் குவின்சி ஆடம்ஸ் 13 மாநிலங்களோடு அதிபரானார்.

இத்தனைக்கும் முன்னால் வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டும். 2024இல் டெக்சாஸில் சுயேச்சைக்கு 1,13,151 கையெழுத்து தேவை, மே 13க்குள். உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்து செல்லாது, ஆகவே மார்ச் தொடக்கத்தில் அது முடிந்த பிறகே வேலையைத் தொடங்க முடியும். நியூயார்க்கில் ஆறு வாரத்தில் 45,000. டென்னசியில் 275 போதும். போலிக் கையெழுத்து, தவறான முகவரி, இரட்டைக் கையெழுத்து என்று தள்ளுபடியாகும் என்பதால் தேவையைவிட ஒன்றரை மடங்கு திரட்டுவது வழக்கம். பல மாநிலங்களில் கையெழுத்துப் படிவத்திலேயே துணை அதிபர் வேட்பாளரின் பெயர் இருக்க வேண்டும், தேர்வாளர் பட்டியலும் கொடுக்க வேண்டும், பென்சில்வேனியா என்றால் 19 பேர். உட்கட்சித் தேர்தலில் தோற்றவர் வேறு வழியாக நிற்கக் கூடாது என்ற சட்டமும் பல மாநிலங்களில் உண்டு. டெக்சாஸ் அதை அதிபர் தேர்தலுக்கும் பொருத்துகிறது. ஆண்டர்சன் 1980 ஏப்ரல் 24 அன்று சுயேச்சை என்று அறிவித்தபோது ஓஹையோவின் கெடு மார்ச் 20ஆம் தேதியே முடிந்திருந்தது. அவர் வழக்குப் போட்டு நுழைந்தார், 1983இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கெடுவைச் செல்லாது என்றது. சீட்டில் ஏறுவது போலவே இறங்குவதும் கடினம். சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர் 2024 ஆகஸ்டில் பிரசாரத்தை நிறுத்திவிட்டு டிரம்ப்பை ஆதரித்தார், மிச்சிகனும் விஸ்கான்சினும் அவர் பெயரை நீக்க மறுத்தன. விஸ்கான்சினில் மட்டும் சுமார் 17,700 ஓட்டு அவருக்கே விழுந்தது.

ஓட்டுப் பிரிவதையே தடுக்கும் முறை ஒன்று இரண்டு மாநிலங்களில் இருக்கிறது. மெய்ன் 2020 முதலும் அலாஸ்கா 2024 முதலும் அதிபர் தேர்தலில் விருப்ப வரிசை வாக்கைப் பயன்படுத்துகின்றன. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் உள்ளவரை நீக்கி, அவருடைய வாக்காளரின் அடுத்த விருப்பத்துக்கு ஓட்டை மாற்றுவார்கள். 2018இல் மெய்னின் இரண்டாவது தொகுதியில் முதல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த ஜாரெட் கோல்டன் இப்படித்தான் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். மிதவாதி மூன்றாவதாக நின்றாலும் அவருடைய வாக்காளர் தன் இரண்டாவது விருப்பத்தை இழப்பதில்லை, மேலே போட்ட வகுத்தல் கணக்குக்கு அங்கே வேலையே இல்லை. அதிபர் தேர்தலில் இதுவரை இரு மாநிலங்களிலும் ஜெயித்தவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டதால் இந்த மாற்றம் தேவைப்படவில்லை. 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் வாக்காளர்கள் இந்த முறையை நிராகரித்தார்கள். அலாஸ்காவில் இதை நீக்கும் முயற்சி மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழு ஊசலாட்ட மாநிலங்களில் ஒன்றில்கூட அதிபர் தேர்தலுக்கு இது கிடையாது.